'சீபீயூ 25 வீதம்தான் ஓடுது' எண்டு சொல்லுறவைக்கு

"சீபீயூ 25 வீதம்தான் ஓடுது. மெஷினில ஒரு பிரச்சினையும் இல்லை. லைன்தான் ஸ்லோ."

இந்த மூன்று வசனங்களையும் நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். கணினிக் கூடத்தில் ஒரு அண்ணா சொல்லியிருப்பார். வேலையிடத்து மீட்டிங்கில் ஒருத்தர் ஸ்க்ரீன்ஷொட்டோட காட்டியிருப்பார். வாட்ஸ்அப் குழுவில ஆரோ போட்டிருப்பினம், கீழ பத்துப்பேர் தம்ஸ்அப் குத்தியிருப்பினம். நாங்களும் சொல்லியிருக்கிறம். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலே சொல்லிவிடுகிறோம்: அந்த 25 வீதம் பெரும்பாலும் சரியான எண். அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் பெரும்பாலும் பிழை. அந்தப் பிழைக்கு நாங்கள் டொலரில் விலை கட்டுகிறோம். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. சில மாதங்களிலேயே 360 அளவுக்குப் போனது. அதுக்குப் பிறகும் "மெஷின் காணாது, புதுசு வாங்குவம்", "லைன் காணாது, பெரிசாக்குவம்" என்று ஒரு வீத எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சின்ன விசயமில்லை.

எங்கட கதையையே முதலில் சொல்லுகிறோம். ஊர் வாசிகசாலை ஒன்று தன் பழைய பத்திரிகைகளை ஸ்கான் செய்து சேர்த்து வைத்திருந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு அவற்றைப் பிரதி எடுக்க நாள்கணக்கில் இழுத்தது. எங்களைக் கேட்டார்கள். நாங்கள் போய் டொப் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தோம். நாலு கோர் இருக்கிற பழைய மெஷின். மொத்தப் பாவனை 25 வீதம். "மெஷின் சும்மா கிடக்குது, சுவிட்சும் கேபிளும்தான் பழுது" என்று தீர்ப்புச் சொன்னோம். புது சுவிட்ச் வாங்கினார்கள். காசு அனுப்பினவர்கள் கனடாவில் ரெண்டு வேலை செய்கிறவர்கள். சுவிட்சைப் பூட்டினோம். வேகம் அப்பிடியே நிண்டது.

அதுக்குப் பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தோம். நெட்பெர்ஃப் என்ற மென்பொருளை இரண்டு மெஷினிலும் தொகுத்து ஓடவிட்டோம். ஜிகாபிட் லைன் செக்கனுக்கு 940 மெகாபிட் அளவில் கொடுத்தது. ஜிகாபிட் ஈதர்நெட்டில் தலைப்புகளையும் இடைவெளிகளையும் கழித்துவிட்டால் ரிசிபிக்கு மிஞ்சுவதே 941 தான். ஆக, லைனில் ஒரு குறையும் இல்லை. டொப்பில் 1 என்ற விசையை அமத்தி ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பார்த்தோம். ஒரு கோர் 100 வீதம். மற்ற மூன்றும் நித்திரை. ஸ்கான்களைக் காவின எஸ்எஸ்எச், எல்லாவற்றையும் ஒற்றைப் புரொசஸாக, ஒற்றைக் கோரில் மறைகுறியாக்கிக்கொண்டு இருந்தது. நாலில் ஒன்று நிரம்பினால் சராசரி 25 வீதம். பிரதியெடுப்பை மூன்றாகப் பிரித்து ஒரேநேரத்தில் ஓடவிட்டோம். செலவு சதமும் இல்லை.

அந்த 25 வீதம் பொய் சொல்லேல்லை. நாங்கள்தான் அதைக் கேள்வி கேட்கேல்லை.

இனி அந்த வீதம் எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம். பலபேர் நினைக்கிறது, செயலிக்குள்ள ஒரு மீட்டர் இருக்கு, காரில பெற்றோல் முள்ளு மாதிரி, அது காட்டுது எண்டு. அப்படி ஒன்றும் இல்லை. லினக்ஸில் புரொக் கோப்பகத்துக்குள் ஸ்டாட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. மெஷின் எழும்பின நேரத்திலிருந்து பயனர் நிரல்களுக்கு இவ்வளவு, கேர்னலுக்கு இவ்வளவு, சும்மா இருந்தது இவ்வளவு, டிஸ்க்குக்குக் காத்திருந்தது இவ்வளவு, இன்டரப்டுக்கு இவ்வளவு என்று கணக்குகள் அதில் ஏறிக்கொண்டே போகும். டொப்பும் விஎம்ஸ்டாட்டும் அந்தக் கோப்பை இரண்டு தரம் வாசித்து, கழித்து, வீதமாக்கித் தருகின்றன. அவ்வளவுதான். விஎம்ஸ்டாட் ஓடவிட்டதும் வருகிற முதல் வரி, மெஷின் எழும்பினதிலிருந்து இண்டைவரைக்குமான சராசரி. அந்த முதல் வரியை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து "இப்ப இப்பிடித்தான் ஓடுது" என்று போடுகிறவர்களை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்!

அந்தக் கணக்கு எப்படி ஏறுகிறது? பழைய யுனிக்ஸ் வழி இதுதான்: கடிகாரம் செக்கனுக்கு 100 தரமோ 250 தரமோ 1000 தரமோ தட்டும். தட்டுகிற அந்தக் கணத்தில் யார் ஓடிக்கொண்டிருக்கிறாரோ, அவருடைய பெயரில் முழுத் தட்டும் எழுதப்படும். வகுப்பில் ஆசிரியர் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்த்து வரவு எடுக்கிற மாதிரி. அவர் பார்க்கிற நேரம் மட்டும் கதிரையில் இருந்தால் முழு வரவு. 2007 இல் டான் சஃப்ரிர், யோவ் எட்சியோன், ட்ரோர் ஃபைட்டெல்சன் ஆகியோர் இதை ஒரு பாதுகாப்புப் பிரச்சினையாகவே எழுதிக் காட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் முன்னால் தூங்கி, தட்டு முடிந்ததும் எழும்புகிற ஒரு சாதாரண நிரல், செயலியின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டே கணக்கில் எதுவும் தின்னாத மாதிரித் தெரியும். அதுக்கு ரூட் அனுமதிகூடத் தேவையில்லை. லினக்ஸ் பிறகு நுணுக்கமான கணக்கெடுப்பு வழிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் உங்கள் கேர்னல் எந்த வழியோடு தொகுக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமோ?

நெட்வேர்க் வேலையில் இது இன்னும் மோசம். பக்கெட் ஒன்று வந்து சேர்ந்தால் அதைப் பிரித்துப் பார்க்கிற வேலையின் பெரும்பகுதி உங்கள் நிரலுக்குள் நடப்பதில்லை. கேர்னலுக்குள், சொஃப்ட் இன்டரப்ட் என்கிற இடத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் கோரில் யார் இருந்தாரோ அவருடைய நேரம்தான் பறிபோகிறது. இப்ப ஐபெர்ஃப்3 ஐ எடுங்கோ. எல்லாருக்கும் தெரிஞ்ச கருவி. அது காட்டுகிற சீபீயூ வீதம், தன் புரொசஸ் செலவழித்த நேரம். நெட்பெர்ஃப் காட்டுகிற சீபீயூ வீதம், முழு மெஷினும் செலவழித்த நேரம். இரண்டுக்கும் பெயர் ஒன்று, அளக்கும் பொருள் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது நல்லது, அது கூடாது" என்று எழுதுகிற விமர்சனங்களை நாங்கள் இனி வாசிக்கப்போவதில்லை.

இன்னும் இருக்கு. ஐஓவெயிட் என்பது வேலை இல்லை. டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்த நேரம் அது. ஹைப்பர்த்ரெடிங் உள்ள செயலியில் ஒரு கோரே இரண்டாகத் தெரியும். அங்கே 50 வீதம் என்றால் பாதி மிச்சம் இருக்குது என்று அர்த்தமில்லை. மின்சாரம் சேமிக்க 800 மெகாஹேர்ட்ஸில் தவழ்கிற செயலியின் 50 வீதமும் 3 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிற செயலியின் 50 வீதமும் ஒரே 50 இல்லை. வாடகை மேகத்தில் இருக்கிற மெய்நிகர் மெஷின் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட நேரம் 'ஸ்டீல்' என்ற நிரலில் போகும். அதை ஆரும் பார்ப்பதே இல்லை. 100 வீதம் என்று காட்டுகிற கோர்கூட பாதி நேரம் நினைவகத்திலிருந்து தரவு வருமட்டும் வாய் பார்த்துக்கொண்டு நிற்கலாம். பிரெண்டன் கிரெக் 2017 இல் இதைத்தான் கத்திச் சொன்னார். சீபீயூ பாவனை என்று நாங்கள் சொல்லுவது, 'சும்மா இருக்கேல்லை' என்பதைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை.

அப்ப என்ன, அளக்கவே ஏலாதோ? ஏலும். ஆனால் எப்படி அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேணும். இங்கேதான் நெட்பெர்ஃப் எங்களுக்குப் பிடிக்கிறது.

நெட்பெர்ஃப் புதுசு இல்லை. ஹியூலெட்-பக்கார்டில் ரிக் ஜோன்ஸ் 1990களில் எழுதத் தொடங்கியது. அழகான திரை ஒன்றும் கிடையாது. ஒரு மெஷினில் நெட்சேர்வர், மற்றதில் நெட்பெர்ஃப். சொல்லாமல் விட்டால் பத்துச் செக்கன் ஓடும், ஒரு அட்டவணை தரும். ஆனால் அதை எழுதினவர் ஒரு விசயத்தை விளங்கி வைத்திருந்தார்: ஒவ்வொரு யுனிக்ஸும் செயலியின் நேரத்தை வேறு வேறு விதமாகக் கணக்கு வைக்கிறது. எச்பி-யுஎக்ஸில் பிஸ்டாட். சொலாரிஸில் கேஸ்டாட். ஏஐஎக்ஸில் பெர்ஃப்ஸ்டாட். லினக்ஸில் நாங்கள் மேலே சொன்ன ஸ்டாட் கோப்பு. ஒன்றுமே நம்பும்படி இல்லாத இடத்துக்கு 'லூப்பர்' என்று ஒரு வழி. ஒவ்வொரு கோரிலும் மிகக் குறைந்த முன்னுரிமையோடு சும்மா எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு நிரலை விடுவது. சும்மா இருக்கும்போது அது எவ்வளவு எண்ணும் என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். சோதனை நடக்கும்போது எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு நேரம் வேறு யாரோ தின்றிருக்கிறார்கள். கேர்னலின் கணக்குப் புத்தகத்தை நம்பத் தேவையில்லை. ஆனா அந்த லூப்பரே மெஷினுக்கு ஒரு பாரம். அளக்கிறதால அளக்கிற பொருள் மாறிப்போகுது.

இந்த வழிகளில் எது என்பது எப்போது முடிவாகிறது? தொகுக்கிற நேரத்தில். கொன்ஃபிகர் ஓடும்போது உங்கள் மெஷின் என்ன யுனிக்ஸ் என்று பார்த்து ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளும். கையாலும் சொல்லிக் கொடுக்கலாம். பிறகு நெட்பெர்ஃபை ஓடவிடும்போது சின்ன சி போட்டால் இந்தப் பக்கத்துச் செயலி, பெரிய சி போட்டால் அந்தப் பக்கத்துச் செயலி. விடையில் வீதக் குறிக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று நிற்கும். எஸ் என்றால் ஸ்டாட் கோப்பிலிருந்து, எல் என்றால் லூப்பர், யு என்றால் தெரியாது. யு வந்த இடத்தில் வீதம் மைனஸ் ஒன்று என்று காட்டும். எங்களுக்குத் தெரிந்த மிக நேர்மையான எண் அந்த மைனஸ் ஒன்றுதான். 'நான் அளக்கேல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லுகிறது. நாங்கள் எத்தனை பேர் அப்பிடிச் சொல்லுவம்?

"இப்ப ஆர் கொம்பைல் பண்ணுறது? ஒரு கட்டளையில இன்ஸ்டோல் பண்ணிட்டுப் போகலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவசரத்துக்கு இன்ஸ்டோல் பண்ணுங்கோ, நாங்களும் பண்ணுறம். ஆனால் ஒருக்காவாவது கையால் தொகுத்துப் பாருங்கோ என்பதற்குக் காரணம் இருக்கிறது.

நெட்பெர்ஃப் 2.7.0 வந்தது 2015 இல். அதை இண்டைக்குப் புது லினக்ஸில் தொகுக்கப்போனால் கடைசி அடியில் 'மல்டிபிள் டெஃபினிஷன்' என்று திரை நிறையப் பிழை வரும். கனபேர் அந்த இடத்திலேயே மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நிண்டு வாசித்தால் கதை விளங்கும். ஒரே பொது மாறி பல கோப்புகளில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. முந்தின ஜிசிசி அவற்றை ஒன்றாகச் சேர்த்து விட்டுக்கொண்டிருந்தது. 2020 மே மாதம் வந்த ஜிசிசி 10 இலிருந்து அந்தத் தாராளம் இல்லை. தொகுப்பிக்கு எஃப்கொமன் என்று ஒரு கொடி கொடுத்தால் பழைய நடத்தை திரும்பும், வேலை முடியும். இந்த ஒரு பிழையை வாசித்துத் தீர்த்தவருக்கு, தொகுப்பி என்ன செய்கிறது, இணைப்பி என்ன செய்கிறது என்று சோதனைக்கு மனனம் செய்யத் தேவை வராது.

இன்னொன்று. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஹிஸ்டோகிராம் காட்டுகிற வசதியையும் தொகுக்கும்போதே சேர்க்கலாம். சேர்த்தால் ஒவ்வொரு தரமும் கடிகாரத்தைப் பார்க்கிற வேலை கூடும். எண்கள் மாறும். ஆக, ஒரே மெஷின், ஒரே கேபிள், ஒரே பதிப்பு, ஆனால் இரண்டு விதமாகத் தொகுத்த இரண்டு நெட்பெர்ஃப் இரண்டு விடை தரலாம். அப்ப எப்படித் தொகுத்தது என்று சொல்லாமல் போடுகிற எண்ணுக்கு என்ன பெறுமதி? எங்களைக் கேட்டால், வதந்திக்கு இருக்கிற பெறுமதி.

இப்ப முக்கியமான கணக்குக்கு வருவோம். பேனை எடுங்கோ.

நாலு கோர் மெஷின் ஒன்று. ஜிகாபிட் லைனில் 941 மெகாபிட் அனுப்புகிறது. சீபீயூ 25 வீதம். இன்னொரு நாலு கோர் மெஷின். 100 மெகாபிட் லைனில் 94 மெகாபிட் அனுப்புகிறது. சீபீயூ 10 வீதம். எது நல்ல மெஷின்? "10 வீதம்தானே, ரெண்டாவதுதான் களைக்காமல் ஓடுது" என்று வாய் உடனே சொல்லும்.

பொறுங்கோ. முதலாவதில் நாலு கோரின் 25 வீதம், அதாவது செக்கனுக்கு ஒரு முழுக் கோர், பத்து லட்சம் மைக்ரோசெக்கன். 941 மெகாபிட் என்றால் ஏறக்குறைய 114,900 கிலோபைட். வகுத்தால் கிலோபைட்டுக்கு 8.7 மைக்ரோசெக்கன். இரண்டாவதில் நாலு கோரின் 10 வீதம், செக்கனுக்கு நாலு லட்சம் மைக்ரோசெக்கன். 94 மெகாபிட் என்றால் ஏறக்குறைய 11,475 கிலோபைட். வகுத்தால் 34.9. '10 வீதம்தான்' என்று நாங்கள் மெச்சின மெஷின், ஒவ்வொரு கிலோபைட்டையும் காவ நாலு மடங்கு உழைக்கிறது. அதே வேகத்தில் செலவு ஏறினால், அதுக்கு நாளைக்கு ஜிகாபிட் லைன் கொடுத்தாலும் அதை நிரப்ப நாலு கோரும் சேர்ந்து காணாது. முதலாவது இன்னும் நாலு மடங்கு தாங்கக்கூடும், வேலை ஒற்றைக் கோரில் குவியாவிட்டால்.

நெட்பெர்ஃப் இந்த எண்ணைத் தானாகவே தருகிறது. வீதத்துக்குப் பக்கத்தில், 'சேர்விஸ் டிமாண்ட்' என்ற நிரலில். ஒரு கிலோபைட்டுக்கு எத்தனை மைக்ரோசெக்கன். கூலிக்கணக்கு மாதிரித்தான். தொழிலாளி எத்தனை மணித்தியாலம் நிண்டார் என்பதை மட்டும் பார்க்கிறவர் ஒன்றும் விளங்கிக்கொள்ளமாட்டார். எத்தனை மூட்டை காவினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேணும். வீதம் முதல் கேள்விக்கு மட்டும் விடை.

எதிர்ப்புகள் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"இப்ப எல்லாம் கிளவுட். டாஷ்போர்ட் எல்லாத்தையும் காட்டுது." டாஷ்போர்ட் காட்டுவதும் ஒரு வீதம்தான், நிறம் பூசினது. அதுவும் மெய்நிகர் மெஷினுக்குள்ளே இருந்து பார்த்தால், அடியில் இருக்கிற உண்மையான செயலி எவ்வளவு உழைத்தது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அதோட, டாஷ்போர்ட்டைத் தருகிறவரே பெரிய மெஷினை விற்கிறவரும். நெல்லுக் கொடுக்கப் போகிறபோது தராசு ஆருடையது என்று எங்கட அப்புமார் பார்த்தார்கள். நாங்கள் பார்க்கிறதில்லை.

"நாங்கள் நெட்வேர்க் எஞ்சினியர்கள் இல்லையே." உண்மை. ஆனால் பாடசாலைக்கு எந்த மெஷின் வாங்குவது, வாசிகசாலைக்கு எந்த லைன் எடுப்பது, சங்கத்தின் இணையத்தளத்தை எங்கே வைப்பது என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எங்களை நம்புகிறார்கள். எங்கட வாயிலிருந்து வருகிற வீதம் ஆரோ ஒருத்தருடைய காசாக மாறுகிறது.

"பத்துச் செக்கன் ஓடவிட்டால் விடை வருது, போதாதோ?" போதாது. அந்தப் பத்துச் செக்கனுக்குள் பின்னால் பக்கப் ஒன்று ஓடியிருக்கலாம். நெட்பெர்ஃபில் பெரிய ஐ என்று ஒரு கொடி இருக்கிறது. 99, 5 என்று கொடுத்தால், 99 வீத நம்பிக்கையோடு கூட்டிக் குறைத்து 2.5 வீதத்துக்குள் விடை நிற்குமட்டும் திரும்பத் திரும்ப ஓடும், ஒரு உச்ச வரம்பு வரைக்கும். அப்படியும் நிற்காவிட்டால் பெரிய எழுத்தில் எச்சரிக்கை போடும். எச்சரிக்கை வந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கோ. வெட்டிப்போட்டுப் படம் காட்டவேண்டாம்.

"இதெல்லாம் சோதனைக்கு வராது." வராதுதான். ரியூசனில் செயலியின் பாகங்களை வரைந்து பெயர் குறிக்கச் சொல்லித்தருவார்கள். அந்தச் செயலி என்ன செய்துகொண்டு இருக்கிறது என்று கேட்கச் சொல்லித்தருவதில்லை. சோதனைக்கு வராததைச் செய்யத்தானே இப்படியான குழுக்களைத் தொடங்கினோம்?

ஆகவே எங்கள் கோரிக்கை பெரிசில்லை. இனிமேல் ஆராவது, நாங்கள் உட்பட, ஒரு வேக எண்ணையோ சீபீயூ வீதத்தையோ போட்டால் இதுகளையும் சேர்த்துப் போட வேணும். என்ன கருவி, எந்தப் பதிப்பு. எந்தத் தொகுப்பி, என்ன கொடிகள். எத்தனை கோர், அதில் எந்தக் கோர் எவ்வளவு. சீபீயூவை எந்த வழியில் அளந்தது. எத்தனை தரம் ஓடவிட்டது. இரண்டு மெஷின்களுக்கு இடையிலா, அல்லது ஒரே மெஷினுக்குள் தனக்குத்தானே அனுப்பினதா. தனக்குத்தானே அனுப்பின எண்ணை வைத்து "எங்கட நெட்வேர்க் 10 கிகாபிட்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கெட்டுகள் கேபிளைக் கண்டதே இல்லை.

இவ்வளவும் எழுத ஆறு வரி போதும். எழுத முடியாவிட்டால் எண்ணைப் போடாதேங்கோ. 'அளக்கேல்லை' என்று சொல்லுங்கோ. நெட்பெர்ஃபுக்கே அதைச் சொல்ல வெக்கமில்லை.

அந்த வாசிகசாலைக்கு நாங்கள் போய் நடந்ததைச் சொன்னோம். புது சுவிட்ச் தேவைப்பட்டிருக்கவில்லை, எங்கட பிழை என்று. பொறுப்பாயிருந்த ஐயா கோபிக்கவில்லை. "அடுத்த முறை வாங்க முதல் அளந்துபோட்டுச் சொல்லுங்கோ தம்பியவை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுத வேண்டியிருந்தது.